கிட்னின்னு சொல்லிவச்சோம்

உங்களுக்கு எங்க சார் வந்திருக்கு? குடல்லயா? குடுத்துவச்ச ஆளு சார் நீங்க.

முறைக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன். குடல்னா நாலு பேருக்கு முன்னால வாய்விட்டுச் சொல்லலாம். பந்தியில உக்காந்துக்கிட்டுக்கூடச் சொல்லலாம், என்ன, பக்கத்து எலைக்காரன் சரியாச் சாப்பிட மாட்டான், அம்புட்டுதான். நுரையீரல்னா இன்னும் மரியாதை. மூளைன்னா கேக்கவே வேணாம், எம்புட்டு யோசிச்சிருந்தா வந்திருக்கும்னு பேசிக்கிருவாய்ங்க. எனக்கு வந்த எடத்தைப் பாருங்க. புரோஸ்டேட். அதுக்குத் தமிழ்ல என்னங்கன்னு கேட்டா, டாக்டரு சன்னலப் பாத்துக்கிட்டு, "ஒண்ணுக்குப் பைக்குக் கீழ ஒரு சுரப்பி"ங்கிறாரு. படிச்ச மனுசன் அவருக்கே வாய் கூசுது.

கையை ரொம்ப ஆட்டாதீங்க, ஊசி நழுவிரும். மொதத் தடவைதானே? குளிரும். போர்வை கேட்டு வாங்கிக்கங்க, கேட்டாத்தான் தருவாய்ங்க. உங்க வீட்டம்மா மருந்து வாங்கப் போயிருக்காகளா? வரட்டும், மெதுவா வரட்டும். நமக்கு இங்க என்ன, தண்ணி பாச்சின வயலு மாதிரி சும்மா கெடக்கிறதுதான் வேலை.

அந்தா போகுது பாருங்க, பச்சைக் கலர் கோட்டுப் போட்ட பொண்ணு, உங்ககிட்டயும் வரும். வந்து, "நீங்க ஒரு போராளி"ன்னு சொல்லும். எங்கிட்டச் சொன்னுச்சு. ஏம்மா, நான் எங்கம்மா போராடுறேன், நான் பாட்டுக்கு நாக்காலியில சாஞ்சு கெடக்கேன், அந்தப் பாட்டில்ல இருக்கிறதுதான் போராடிக்கிட்டு இருக்குன்னேன். சிரிச்சுக்கிட்டே போயி அடுத்த ஆளையும் போராளின்னுச்சு. ஒரே வார்டுல இத்தனை போராளி இருந்தும் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒருத்தனாலயும் ரெண்டு வாய்க்கு மேல எறக்க முடியலை. வாயில என்னத்தை வச்சாலும் ஆணியை நக்கின மாதிரி இருக்கு. உங்களுக்கும் வரும், பயந்துக்கிறாதீங்க. நகம் கறுக்கும், விரல் மரத்துப்போகும். சட்டைப் பித்தானை என் சம்சாரம்தான் போட்டுவிடுறா.

பேரு சோணைமுத்து. மேலூருக்கு அங்கிட்டு. கால்நடை ஆய்வாளரா இருந்து ரிட்டயர் ஆனவன். ஆய்வாளர்னா இன்ஸ்பெக்டரு. டாக்டரு வேற, நான் வேற, அது எனக்குத் தெரியும். ஆனா டாக்டரு வாரத்துல பாதி நாளு வரமாட்டாரு, மாட்டுக்கு நோவு எல்லா நாளும் வரும். அதனால ஊருக்கு நான்தான் மாட்டு டாக்டரு. ஊசி போட்டிருக்கேன், கன்னு திரும்பிக்கிட்டதைக் கைய விட்டு எடுத்திருக்கேன். எல்லாத்தையும் விட எனக்குப் பேரு வாங்கிக் குடுத்தது காயடிக்கிறதுதான். சுத்துப்பட்டுல எங்க போயும் கேளுங்க. கத்தியே கெடையாது, இடுக்கி. மேல தோலு கிழியாம உள்ள இருக்கிற நரம்பை மட்டும் நசுக்கணும். அதுக்குக் கைப்பழக்கம் வேணும். ஒரு சொட்டு ரத்தம் வராது. எங்கிட்ட நசுக்கிக்கிட்ட காளை மறுநாளு வண்டி இழுத்திருக்கு.

இப்பப் புரியுதா, நான் ஏன் உங்களைக் குடுத்துவச்ச ஆளுன்னேன்னு? இன்னும் புரியலையா? சொல்றேன்.

எனக்கு இடுப்பு வலின்னுதான் மொதல்ல வந்தேன். அதையும் இதையும் எடுத்துப் பாத்துட்டு, எலும்புக்குப் போயிருச்சுன்னாய்ங்க. இனி இதைப் பூராத் தீத்துக்கட்ட முடியாது, கட்டிப்போட்டு வைக்கலாம்னாரு டாக்டரு. ஆம்பளைக்கு ஊறுற சத்து இருக்கே, அதுதான் அந்த நோவுக்குத் தீனியாம். தீனியை நிறுத்தணும். ஊசி போட்டு நிறுத்தலாம், இல்லைன்னா ஒரே தடவையா அது ஊறுற எடத்தை எடுத்துரலாம்னாரு. எதை எடுப்பீகன்னு கேட்டேன். இங்கிலீசுல என்னமோ சொன்னாரு, நீளமா, சர்ச்சுல பேரு வைக்கிற மாதிரி. அப்பறம்தான் எனக்கு வெளங்குச்சு. காளைக்குச் செஞ்சா காயடிப்பு. கவருமெண்டு இன்ஸ்பெக்டருக்குச் செஞ்சா அதுக்கு ஒரு இங்கிலீசுப் பேரு.

சிரிக்கலாம் சார், அடக்கிக்காதீங்க, வயித்துக்கு ஆகாது.

ஊசி வேணாம், எடுத்துருங்கன்னு நான்தான் சொன்னேன். ஊசின்னா ஒரு தவணை தப்பினாலும் போச்சு, தொழில் தெரிஞ்சவனுக்கு அது தெரியாதா. எடுத்தாய்ங்க. மடியில கனமில்லைன்னா வழியில பயமில்லைம்பாய்ங்கல்ல? எனக்குச் சார், மடியில கனம் போன பெறகுதான் வழியில பயமே வந்துச்சு. தெருவுல நாலு பேரு நின்னு சிரிச்சா எனக்குப் பகீர்ங்கும். ஊரு மாட்டுக்கெல்லாம் காயடிச்சவனுக்கு ஆஸ்பத்திரியில காயடிச்சுவிட்டாய்ங்கன்னு ஒருத்தன் காதுல விழுந்தாப் போதும், டீக்கடையில பத்து வருசத்துக்குப் பேச்சுக்குப் பஞ்சமிருக்காது. நான் செத்தாலும் சொல்லுவாய்ங்க. என் எழவுக்கு வந்தவய்ங்க வாயில துண்டை வச்சுக்கிட்டு நிப்பாய்ங்க, அழுகுறதுக்கு இல்லை.

என் சம்சாரம் செகதாதான் யோசனை சொன்னா. "கிட்னின்னு சொல்லிருவோம்"னா. எங்க ஊருல தாசில்தாரா இருந்தவரு ஒருத்தரு கிட்னியில போனாரு. அவரு போனதுல இருந்து கிட்னிக்கு எங்க ஊருல ஒரு மதிப்பு. சரின்னு கிட்னின்னு சொல்லிவச்சோம்.

சொன்னதுதான் தாமசம், ஊரு பூரா வாழைத்தண்டைத் தூக்கிட்டு வந்துருச்சு. கிட்னிக்கு வாழைத்தண்டுச் சாறு நல்லதாம். காலையில ஒருத்தி, சாயங்காலம் ஒருத்தி. நானே ஆணி ருசியில சோத்தை முழுங்க முடியாமக் கெடக்கேன், இல்லாத நோவுக்கு எதுத்த வீட்டுக்காரி முன்னால நின்னு ஒரு செம்புச் சாறைக் குடிக்கணும். குடிச்சு முடிச்சு, "இப்பத் தேவலையாத்தா"ன்னு வேற சொல்லணும். தண்ணி கூடக் குடிக்கக்கூடாதும்பான் ஒருத்தன், நெறையக் குடிக்கணும்பான் இன்னொருத்தன். எல்லாருக்கும் செல்லுல வந்திருக்கும். இந்த நாட்டுல செல்லு வச்சிருக்கிற அம்புட்டுப் பயலும் டாக்டரு. அவய்ங்ககிட்ட அசல் நோவைச் சொல்லியிருந்தாலும், புற்றுக்கு நல்லதுன்னு முள்சீத்தாப்பழத்தைக் கொண்டாந்து எறக்கியிருப்பாய்ங்க, அது வேற.

இதுல சூடு வேற. எடுத்த பெறகு திடீர் திடீர்னு ஒடம்புல தீ வச்ச மாதிரி வரும். பொம்பளைகளுக்கு அம்பது வயசுல வருமே, அது. மார்கழி மாசத்துல சட்டையைக் கழத்திட்டு உக்காந்திருப்பேன். செகதா விசிறியை எடுத்துட்டு வந்து பக்கத்துல உக்காந்து, "எனக்கு வந்தப்ப வேசம் போடுறேன்னீங்களே"ங்கிறா. வெந்த புண்ணுல வேலைப் பாச்சுறதுன்னா பொண்டாட்டிகளுக்கு ஒரு சந்தோசம். விசிறத்தான் செய்வா. விசிறிக்கிட்டே சொல்லுவா.

இப்ப வர்றேன் என் தம்பி கதைக்கு. அதைச் சொல்லத்தான் இம்புட்டும் சொன்னேன்.

எனக்கு ஒரு தம்பி இருக்கான், ஆண்டிச்சாமின்னு. லோடு ஆட்டோ ஓட்டுறான். கூறுகெட்ட பய. எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை நின்னு எத்தனையோ வருசமாச்சு. காரணம் என்னன்னு கேட்டா நீங்களே என் பக்கம்தான் நிப்பீங்க.

அவன் ஒரு காளை வளத்தான். காரின்னு பேரு, கறுப்புன்னா அப்படி ஒரு கறுப்பு. மஞ்சுவிரட்டுக்கு வளக்குறேம்பான். பெத்த பிள்ளைகளுக்கு இல்லாத பருத்தி விதையும் பேரீச்சம்பழமும் அதுக்கு. சரி, வளத்தா கட்டிப் போட்டு வளக்கணுமா இல்லையா? அது அறுத்துக்கிட்டு ஊரு மேயும். நான் கவருமெண்டு சொன்னபடி வீடு வீடாப் போயி, சீமைச் சினை ஊசி போட்டுக்கங்க, கலப்புக் கன்னு பொறக்கும், பாலு பெருகும்னு தொண்டை கிழியப் பேசிட்டு வருவேன். பின்னாடியே காரி போகும். போற வழியெல்லாம் நாட்டுக் கன்னு. மேலதிகாரி எங்கிட்ட, "என்னய்யா சோணைமுத்து, உன் ஏரியாவுல மட்டும் திட்டம் படுத்துக்கிச்சு"ன்னு நாலு பேரு முன்னால கேட்டாரு. நான் என்னன்னு சொல்றது, என் தம்பி மாடுதான் திட்டத்தைப் படுக்க வச்சதுன்னா?

தை மாசம் தம்பி பழனிக்கு நடந்து போயிருந்தான். நான் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் பொண்டாட்டி பவளம் இருந்துச்சு. ஊசி போடணும்மா, மாட்டைப் பிடின்னேன். அதுதான் மூக்கணாங்கயித்தைப் பிடிச்சுக்கிருச்சு, அதைக் கண்டா அந்த மாடு பசு மாதிரி நிக்கும். வேலையை முடிச்சேன். ஊசின்னு பொய் சொன்னேன்னு இன்னைக்கு வரைக்கும் பவளம் சொல்லிக்கிட்டுத் திரியுது. பொய்யா? முடிச்சுட்டு கோமாரி ஊசியும் போட்டேனே. ஊரு மாட்டுக்கெல்லாம் ஒரு சட்டம், தம்பி மாட்டுக்கு ஒரு சட்டமா? நேர்மையா இருந்தா நம்ம நாட்டுல சொந்தக்காரன்கூட ஒட்டமாட்டான் சார்.

அவன் வந்தான். மொட்டை போட்டு, பஞ்சாமிர்த டப்பாவோட. மாட்டைப் பாத்தான். அந்த டப்பாவோட அப்படியே மந்தைக்கு வந்து, ஊருக் கூட்டத்துக்கு நடுவுல நின்னுக்கிட்டு எனக்குச் சாபம் விட்டான். "வாயில்லாச் சீவனை ஏமாத்திக் காயடிச்சேல்ல, ஒனக்கும் ஒருநா ஒருத்தன் வருவான்டா"ன்னான். அண்ணன்னு ஒரு மரியாதை இல்லை. ஊரு சிரிச்சுச்சு. அன்னைக்கு முடிஞ்சது. அந்த மாடு பெறகு உழவுக்குத்தான் போச்சு, நல்லா உழுதுச்சுன்னும் சொன்னாய்ங்க. அதுக்காவது எனக்கு ஒரு நன்றி சொல்லியிருக்கலாம்.

இப்பச் சொல்லுங்க, இவனுக்குத் தெரியலாமா என் விசயம்? ஊரே தெரிஞ்சு சிரிச்சாலும் தொலையுதுன்னு விட்ருவேன். இவனுக்குத் தெரியக்கூடாது. செகதாகிட்டச் சத்தியம் வாங்கினேன். நான் போற வரைக்கும் கிட்னி, போன பெறகும் கிட்னி.

ஒருநா சாயங்காலம் வாசல்ல லோடு ஆட்டோ வந்து நிக்கிது. எறங்கி உள்ள வரலை, வாசப்படிக்கு வெளியவே நிக்கிறான். துண்டைக் கையில பிடிச்சுக்கிட்டு. நான் அங்கிட்டுத் திரும்பிக்கிட்டேன். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா, என் மொட்டைத் தலையையும் கறுத்த நகத்தையும் பாத்துட்டுப் போயி பவளத்துக்கிட்டச் சொல்ல வந்திருக்கான்னு நெனச்சேன். அவன் செகதாவைப் பாத்துச் சொல்றான்: "மதினி, அண்ணனுக்கு என் கிட்னியில ஒண்ண எடுத்து வைக்கச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணு போதும்."

எப்படி இருக்கும் எனக்கு? இல்லாத நோவுக்கு இவன் கிட்னி. செகதா தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. வேணாம்னு மரியாதையாச் சொல்லியிருக்கலாம்பீக. மரியாதையாச் சொன்னாப் போவானா அவன்? "ஒன் குடிகாரக் கிட்னி எனக்கு எதுக்குடா, அதை வச்சா நானும் தள்ளாடணும்"னேன். போயிட்டான். தொலைஞ்சான்னு இருந்தேன்.

தொலையலை. குடியை நிறுத்திட்டான். நல்ல நாளு பொல்லாத நாளு இல்லாமக் குடிச்ச பய, அத்தோட நிறுத்திட்டான். கொஞ்ச காலம் கழிச்சுத் திரும்ப வந்து அதே வாசல்ல நிக்கிறான். "மதினி, ஸ்கேன் எடுத்துப் பாத்தாச்சு. ரெண்டும் கல்லு மாதிரி இருக்குதாம், எதை வேணும்னாலும் எடுத்துக்கலாமாம்"ங்கிறான். கிட்னி கல்லு மாதிரி இருந்தா அதுக்குப் பேரு வேறடா முட்டாளேன்னு கத்தினேன். இத்தனை வருசத்துக்கு அப்பறம் அவன்கிட்ட நேராப் பேசின ரெண்டாவது பேச்சு அது. அவனுக்குப் பல்லு பூராத் தெரியுது. அண்ணன் பேசிட்டாராம்.

"தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்பாக, சொல்லிருவோங்க"ன்னு செகதா அன்னைக்கு ராத்திரிச் சோறு வைக்கிறப்பச் சொன்னா. ஆடுறதுக்கு எங்கிட்ட என்னடி இருக்குன்னேன். அழுதுட்டா. நான் சிரிப்புக்குத்தான் சொன்னேன். இந்தப் பொம்பளைகளுக்குச் சிரிப்பும் வெளங்காது.

போன தடவை செகதாவுக்கு முட்டி வீங்கிருச்சு, கூட வர முடியலை. தனியா பஸ்ஸுல வந்துக்கிறேன்னு வேட்டியைக் கட்டிக்கிட்டு வெளிய வந்தா, லோடு ஆட்டோ நிக்கிது. முன் சீட்டுல தலகாணி எல்லாம் போட்டு. யாரு தகவல் குடுத்திருப்பான்னு கேக்கணுமா, உள்ள ஒருத்தி முட்டியைத் தடவிக்கிட்டுச் சுவத்தைப் பாத்து உக்காந்திருக்கா. நடக்க எனக்கும் தெம்பில்லை. ஏறிட்டேன். மதுரை வர்ற வரைக்கும் ஒரு பேச்சுப் பேசலை நான். அவன்தான் ஒவ்வொரு குழி வரும்போதும், "மெதுவா வர்றேண்ணே, கிட்னி ஆடும்"னான்.

ஆஸ்பத்திரியில வெளி பெஞ்சியைக் காட்டி, இங்கனயே உக்காரு, உள்ள விடமாட்டாய்ங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். இந்தா, இதே நாக்காலிதான். ஜெர்லின்னு அந்த நாகர்கோயில் நர்சு ஊசியைக் குத்தி மருந்தைத் தொறந்துவிட்டுருச்சு. கண்ணை மூடிச் சாஞ்சிருக்கேன். வாசல்ல சத்தம்.

இவன் வெளிய சும்மா உக்காராம, கதவுக்கு மேல இருக்கிற போர்டை எழுத்துக் கூட்டிப் படிச்சிருக்கான். புற்றுநோய்னு போட்டிருக்குல்ல? படிச்சுட்டு என்ன நெனைக்கணும் ஒரு மனுசன்? அண்ணனுக்குப் புற்றுநோயின்னு நெனைக்கணும். சின்னப் பிள்ளைகூட நெனச்சிருக்கும். இந்த மடையன் என்ன நெனச்சிருக்கான் தெரியுமா? அண்ணனை ஆளு மாத்திக் கூட்டிட்டுப் போயி வேற ஒருத்தன் மருந்தை ஏத்துறாய்ங்கன்னு நெனச்சிருக்கான். கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள வந்துட்டான். "யம்மா, நிறுத்துங்க. இவரு கிட்னிக்காரரு. கிட்னிக்காரருக்கு எந்த மருந்தைம்மா ஏத்துறீக? கொன்னுருவீக போலிருக்கே"ன்னு கத்துறான். ஜெர்லின் அவனை ஒரு பக்கம் இழுக்குது, இவன் ஒரு பக்கம் என் கையில ஊசியைப் புடுங்க வர்றான். வார்டுல அம்புட்டுப் போராளியும் எந்திரிச்சு உக்காந்துட்டாய்ங்க. வாட்ச்மேனைக் கூப்பிடுங்கன்னு ஒருத்தரு சொல்றாரு.

"டேய், எனக்குக் கிட்னியில ஒண்ணுமில்லைடா"ன்னேன்.

கேட்டாத்தானே. "நீங்க சும்மா இருங்கண்ணே, ஒங்களுக்கு மயக்கத்துல தெரியலை"ங்கிறான். கை ஊசிக்கிட்ட வந்துருச்சு.

"புற்றுடா. எலும்புக்குப் போயிருச்சு. கிட்னின்னு சும்மா சொல்லிவச்சோம்."

நின்னுட்டான். "எங்கண்ணே?"

"கீழ."

"கீழன்னா?"

இவனுக்கு எப்படிச் சொல்லி எப்படி வெளங்க வைக்கிறது? புரோஸ்டேட்னா புரியுமா, சுரப்பின்னாப் புரியுமா? நர்சு பாத்துக்கிட்டு நிக்கிது. புடுங்கினாலும் புடுங்கிருவான். எனக்கு வேற வழி தெரியலை சார். "காரிக்குச் செஞ்சதை எனக்குச் செஞ்சுட்டாய்ங்கடா"ன்னேன்.

கையை எடுத்துட்டான். வாட்ச்மேன் வந்து தோளைப் பிடிச்சதுகூட அவனுக்குத் தெரியலை. ஜெர்லின்தான், விடுங்க, அவரு உக்காரட்டும்னு ஸ்டூலைத் தள்ளிப் போட்டுச்சு. உக்காந்தான். நான் கண்ணை மூடிக்கிட்டேன். இப்பச் சிரிப்பான், இப்பச் சிரிப்பான்னு காத்திருக்கேன். சிரிக்கட்டும், அவனுக்குப் பாத்தியதை இருக்குன்னு ஒரு மனசு சொல்லுது. அந்த மனசுக்கு அறிவில்லை, மருந்து ஏறினா அப்படித்தான் கண்டதும் தோணும்.

"ரெண்டுமாண்ணே?"ன்னான்.

"ரெண்டும்."

"மயக்க ஊசி போட்டாய்ங்களா?"

"போட்டாய்ங்க."

"காரிக்குப் போடலை"ன்னான். கோவமா இல்லை. ஞாபகம் வந்தவன் மாதிரி சொன்னான். அப்ப மாட்டாஸ்பத்திரியில மயக்க மருந்து ஸ்டாக்கு இல்லைடான்னேன். உண்மையும் அதான். இல்லாததுக்கு நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க.

பெறகுதான் அழ ஆரம்பிச்சான். அழுகைன்னா, எருமை கத்துற மாதிரி. "என் நாக்குத்தாண்ணே, மந்தையில வச்சு நான் சொன்ன சொல்லுத்தாண்ணே பலிச்சிருச்சு"ன்னு தலையில அடிச்சுக்கிறான். ஒன் நாக்குக்கு அம்புட்டுச் சக்தி இருந்தா நீ ஏன்டா லோடு ஆட்டோ ஓட்டுற, மந்திரி ஆகியிருக்கலாமேன்னேன். டாக்டரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு, வயசானா நெறைய ஆம்பளைகளுக்கு வர்ற நோவு, ஒருத்தன் சாபமும் இல்லை, பாவமும் இல்லைன்னு. அதை அவனுக்குச் சொன்னேன். மூக்கைச் சிந்திக்கிட்டு யோசிச்சான். யோசிச்சிட்டு, ஸ்டூலை இழுத்துக் கிட்ட வந்து என் காதுல சொல்றதா நெனச்சு வார்டுக்கே கேக்குற மாதிரி சொன்னான்:

"அண்ணே, எனக்குப் பிள்ளைக எல்லாம் பெத்து முடிச்சாச்சு. எங்கிட்ட ரெண்டு சும்மாத்தான் இருக்கு. டாக்டருகிட்ட ஒருவார்த்தை கேளுங்க, அதுல ஒண்ண ஒங்களுக்கு வைக்கலாமான்னு."

சிரிங்க. அன்னைக்கும் இப்படித்தான், அந்தக் கடைசியில கெடந்தவரு சிரிச்சுச் சிரிச்சு இருமலே வந்துருச்சு. ஜெர்லின் அங்கிட்டுத் திரும்பிக்கிருச்சு. எனக்கு மானம் போச்சு. ஊருக்குத் தெரியக்கூடாதுன்னு வாழைத்தண்டுச் சாறா குடிச்சு ஒளிச்சுவச்சதை, ஒரு நிமிசத்துல ஏலம் போட்டுட்டான். ஒளிக்கத் தெரியாத பய. அதைத் தீனின்னுதான்டா எடுத்தாய்ங்க, திரும்ப வச்சா நோவுக்குப் பந்தி வைக்கிற மாதிரிடான்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு வெளக்கினேன்.

"அப்பக் கிட்னி?"

"வேணாம்டா. எனக்குத்தான் அது நல்லாருக்கே."

"அப்ப நான் எதைத்தாண்ணே குடுக்கிறது?"

நான் போர்வையை இழுத்து மூஞ்சியை மூடிக்கிட்டேன் சார்.

அத்தோட விட்டானா? ஊருக்குப் போயி ஒருத்தன்கிட்டயும் மூச்சு விடலை, அதை மட்டும் சொல்லணும். பவளத்துக்கிட்டக்கூடச் சொல்லலையாம். கேக்குறவய்ங்ககிட்ட எல்லாம், "அண்ணனுக்குக் கிட்னி, ரெண்டும் போச்சு"ங்கிறானாம். ரெண்டும்னு எதுக்குடா சேத்துச் சொல்றன்னா, அதுலயாச்சும் உண்மை இருக்கட்டும்ணேங்கிறான். வாழைத்தண்டு இப்ப ரெண்டு பங்கா வருது.

இன்னைக்குக் காலையில டாக்டரு என் ரத்தத்தைப் பாத்துட்டு, ரொம்பக் கொறைஞ்சிருச்சு, மருந்துக்கு முன்னாடி ஒரு பாட்டில் ரத்தம் ஏத்தணும், ஆளு இருந்தா குடுக்கச் சொல்லுங்கன்னாரு. இவன் பக்கத்துல நிக்கிறான். அப்ப அவன் மூஞ்சியைப் பாத்திருக்கணும் நீங்க. அண்ணனுக்கு ரத்தமே இல்லைன்னு டாக்டரு சொல்றாரு, இவனுக்கு வாயெல்லாம் பல்லு. பரீட்சையில பாசான பய மாதிரி சட்டைக் கையை மடிச்சுவிட்டுக்கிட்டு அந்த மாடிப்படியில ஓடுறான். வயசு அறுவது ஆச்சு அவனுக்கு. குடிக்கிறதை நிறுத்தினதுல ரத்தம் சுத்தமா இருக்கும்ணேன்னு ஓடிக்கிட்டே கத்துறான்.

எனக்குச் சாகப் பயமில்லைன்னு ஊருல வீராப்பாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன் சார் நான். நெசமாவும் இல்லை அப்ப. இப்ப இருக்கு. இப்படி ஒரு அறிவுகெட்டவனைத் தனியா விட்டுட்டுப் போனா, எவன் எதைக் கேட்டாலும் கழத்திக் குடுத்துருவான்.

இந்தா தொங்குதே, செவப்பா, இது அவன் ரத்தமில்லை. அவன் குடுக்கிறதை அவய்ங்க பேங்குல வாங்கி வச்சுக்கிட்டு, ஏற்கெனவே சோதிச்சு வச்சதுல இருந்து எனக்கு ஒண்ணக் குடுத்திருக்காய்ங்க. அவனோடது நாளைக்கு எவனுக்கோ போகும். ஜெர்லின் சொல்லிருச்சு. மேல படிச்சவய்ங்க, அவய்ங்களுக்கு ஒரு முறை இருக்கும்.

அந்தா வர்றான் பாருங்க, கையை மடக்கிப் பஞ்சை வச்சுக்கிட்டு. இப்ப வந்து இந்தப் பாட்டிலத்தான் பாப்பான். அவன்கிட்டச் சொல்லிறாதீங்க சார். அவன் ரத்தம்னே இருக்கட்டும்.